கட்டடங்களில் ஓதம்: அளந்தறியும் முறைகள்

நெருப்பினாலும் நிலநடுக்கத்தினாலும் ஒரு கட்டடத்திற்கு நேரும் கேடு அன்றே அனைவர் கண்ணுக்கும் புலனாகிவிடுகிறது. நீரினால் நேரும் கேடு அவ்வாறன்று. அது சுவரின் உள்ளும், தளத்தின் அடியிலும், மர நிலையின் பின்புறத்திலும் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடைபெறுகிறது. வெள்ளை உதிர்வதும், பூச்சு உப்பி எழுவதும், கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், கூரைத் தளத்தின் அடியில் இரும்புக் கம்பி தலைகாட்டுவதும் அக்கேட்டின் தொடக்கமல்ல. அதன் முதிர்ந்த நிலையாகும்.

சுவரைத் தொட்டுப் பார்த்து, "ஈரமாக இருக்கிறது" என்று கூறுவது எவர்க்கும் எளிது. ஆயின் எவ்வளவு ஈரம், அது எங்கிருந்து வந்தது, நாளுக்கு நாள் கூடுகிறதா குறைகிறதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாமல் செய்யப்படும் பழுதுபார்ப்பு பெரும்பாலும் வீணாகவே முடிகிறது. நிலத்திலிருந்து ஏறும் ஓதத்தை மழை ஒழுக்கு என்று கருதி மேல்தளத்தைப் புதுப்பிப்போர் உண்டு. குளியலறைக் குழாயின் கசிவை அஸ்திவாரத்தின் குறை என்று எண்ணிச் சுவரடியைத் தோண்டுவோரும் உண்டு. பணம் செலவாகும், ஓதமோ இருந்த இடத்திலேயே இருக்கும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சிறு குடியிருப்பு ஆகியவற்றைச் சொற்பப் பொருளைக் கொண்டு பேண வேண்டியுள்ள நம் நாட்டில் இத்தகைய வீண் செலவு சிறிய விஷயமன்று. ஆகவே ஓதத்தை முறையாக அளக்கும் வழிகளைப் பொறியாளர் மட்டுமன்றி, வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் ஓரளவு தெரிந்துகொள்வது நலம்.

நீர் புகும் வழிகள்

கட்டடத்தில் நீர் நான்கு வழிகளில் சேருகிறது. நிலத்தின் ஈரம் சுவர் வழியே மேலேறுவது ஒன்று. மழைநீரும் குழாய் நீரும் வெடிப்பு வழியாகவும் இணைப்பு வழியாகவும் கசிவது மற்றொன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு நீர்த்துளியாக மாறுவது மூன்றாவது. கட்டும்போது நாமே சாந்திலும் கான்கிரீட்டிலும் ஊற்றிய நீர் வெளியேறாமல் தங்கிவிடுவது நான்காவது.

இவற்றுள் முதலாவது வழி வியப்பிற்குரியது. செங்கல்லிலும் சாந்திலும் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் எண்ணிறந்தன உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அத்துளைகளில் நீர் ஏறுகிறது. துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குழாயில் நீர் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஏறும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ளதாயின் கணக்குப்படி 15 மீட்டர் ஏறவேண்டும். எனினும் நடைமுறையில் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடக் காண்கிறோம். காரணம் யாதெனில், கீழிருந்து ஏறும் நீர் சுவரின் இருபுறமும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஏறும் அளவும் ஆவியாகும் அளவும் சமமாகும் இடத்தில் ஓதத்தின் எல்லை அமைகிறது. இவ்வுண்மையை அறியாதவர், ஈரச் சுவரின் மீது நீர் புகாத சிமெண்டுப் பூச்சையோ பளிங்கு ஓடுகளையோ பதித்து ஓதத்தை மறைக்க முயல்கின்றனர். ஆவியாகும் வழி அடைபடுவதால் நீர் பூச்சின் எல்லையைத் தாண்டி இன்னும் உயரத்திற்கு ஏறுகிறது. மறைத்த ஓதம் ஒழிந்த ஓதமாகாது.

சுவர் எவ்வளவு நீரைக் கொள்ளும் என்பதையும் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். சுட்ட செங்கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்தால் அது உறிஞ்சும் நீர், உலர்ந்த எடையில் 20 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்றும், உயர்ந்த வலிமை வகைகளில் 15 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்றும் ஐ.எஸ். 1077 என்னும் இந்தியத் தர விதி கூறுகிறது. 3 கிலோகிராம் எடையுள்ள நல்ல செங்கல் 15 சதவிகிதம் உறிஞ்சினால் அதனுள் 450 கிராம் நீர் இருக்கும். அளவுத் திட்டப்படி அமைந்த செங்கல் ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 வேண்டும். ஆகவே முற்றிலும் நனைந்த ஒரு கன மீட்டர் சுவரின் செங்கற்களில் மட்டும் 225 லிட்டர் நீர் தங்கக்கூடும். ஒரு சிறிய அறையின் நான்கு சுவர்களைக் கணக்கிட்டால் பல பீப்பாய் நீர் நம்மைச் சுற்றி நிற்பதாகக் கொள்ளலாம்.

நீர் தனியே வருவதுமில்லை. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பூக்கிறது. பூச்சின் மேற்புறத்தில் பூத்தால் வெண்மையான தூளாகத் தோன்றும், துடைத்துவிடலாம். பூச்சின் உட்புறத்தில் பூத்தால் உப்புப் படிகங்கள் வளர்ந்து பூச்சைப் பிளந்து தள்ளும். வலுவூட்டிய கான்கிரீட்டில் நீரும் காற்றும் இரும்புக் கம்பியை அடைந்தால் துரு உண்டாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது. உறங்குபவர் மேல் கூரைப் பெயர்ப்பு விழுவது இதனாலேயே ஆகும்.

மரமும் அதன் ஈரமும்

மரம் நீரை இரண்டு வகையில் தாங்குகிறது. உயிரணுக்களின் வெற்றிடத்தில் தங்கும் நீர் ஒருவகை. இழைச் சுவர்களில் பிணைந்து நிற்கும் நீர் மற்றொரு வகை. மரம் உலரும்போது முதலில் வெற்றிடத்து நீர் வெளியேறுகிறது. அதனால் மரத்தின் அளவு மாறுவதில்லை. ஈர அளவு ஏறக்குறைய 28 சதவிகிதத்திற்குக் கீழ் இறங்கி, இழைச் சுவரின் நீரும் குறையத் தொடங்கிய பின்னரே மரம் சுருங்குகிறது.

பிறகு மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வருகிறது. 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவிகிதமாயின் மரத்தின் ஈர அளவு சுமார் 6 சதவிகிதமாகவும், 65 சதவிகிதமாயின் சுமார் 12 ஆகவும், 80 சதவிகிதமாயின் சுமார் 16 ஆகவும் நிலைகொள்ளும். கடற்கரையில் 16 சதவிகித ஈரத்தோடு இழைத்த ஒரு தேக்குப் பலகையை வறண்ட உள்நாட்டிற்குக் கொண்டுசென்று, அது 8 சதவிகிதத்திற்கு உலருமாயின் என்ன நேரும்? 300 மில்லிமீட்டர் அகலமுள்ள அப்பலகை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குறுகும். சுருக்கம் குறைவு என்று பெயர் பெற்ற தேக்கின் கதியே இதுவாயின் மற்ற மரங்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

இக்காரணத்தால் ஐ.எஸ். 287 என்னும் விதியின் 1993-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு நாட்டை நான்கு மண்டலங்களாக வகுத்துள்ளது. ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் 40 சதவிகிதத்திற்குக் குறைந்த பகுதி முதல் மண்டலம். 40 முதல் 50 வரை இரண்டாவது. 50 முதல் 67 வரை மூன்றாவது. 67-க்கு மேற்பட்டது நான்காவது. 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த கனமுள்ள கதவு, ஜன்னல் மரங்களுக்கு இம்மண்டலங்களில் அனுமதிக்கத்தக்க ஈர அளவு முறையே 8, 10, 12, 14 சதவிகிதம். உத்திரம், கைமரம் ஆகியவற்றிற்கு 12, 14, 17, 20 சதவிகிதம். 20 சதவிகிதம் என்னும் எண் மற்றொரு காரணத்தாலும் கருதத்தக்கது. ஈர அளவு அதற்குக் கீழிருக்கும் வரை மரத்தை உளுக்கச் செய்யும் காளான்கள் வளர்வதில்லை. மர ஈரத்தை அளப்பவர் இந்த எல்லையை எப்போதும் நினைவில் கொள்வர்.

அளக்கும் முறைகள்

அனைத்திற்கும் அடிப்படையானது உலர்த்தி எடையிடும் முறை. பொருளின் ஒரு சிறு பகுதியை எடுத்து எடையிட்டு, உலர்த்தும் அடுப்பில் எடை மேலும் குறையாத வரை வைத்து, மீண்டும் எடையிட வேண்டும். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர அளவு கிடைக்கும். 25 கிராம் தூள் உலர்ந்தபின் 22 கிராம் ஆயின், இழந்த 3 கிராமை 22-ஆல் வகுக்க, 13.6 சதவிகிதம் என்று பெறப்படும். உலர்ந்த எடையால் வகுப்பதால்தான் புதிதாக வெட்டிய சில மரங்களின் ஈர அளவு 100 சதவிகிதத்திற்கு மேலும் செல்கிறது, அதில் தவறில்லை.

இம்முறை எளிதெனினும் கவனம் வேண்டும். மரத்திற்கு 103 டிகிரி சென்டிகிரேட் ஏற்ற உஷ்ணம். செங்கல்லுக்கும் சாந்துக்கும் 105 டிகிரி அளவு வழங்குகிறது. ஜிப்சம் கலந்த பூச்சை அவ்வாறு சுடவைத்தால், அதன் இயல்பிலேயே பிணைந்துள்ள படிக நீரும் வெளியேறி, ஈரமில்லாத சுவரும் ஈரச் சுவராகக் கணக்கில் தோன்றும். அதனை 40 அல்லது 45 டிகிரியில் மெல்ல உலர்த்த வேண்டும். சுவரில் துளையிட்டுத் தூள் எடுக்கும்போது துளைப்பான் மெதுவாகச் சுழல வேண்டும்; விரைந்து சுழன்று சூடேறினால் ஈரத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். எடுத்த தூளை உடனே இறுக மூடும் புட்டியில் இட வேண்டும்.

இரண்டாவது, மின்தடையைக் கொண்டு அளக்கும் முறை. உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஈர மரம் கடத்தும். முற்றிலும் உலர்ந்த நிலைக்கும் இழைச் சுவர்கள் நீரால் நிறைந்த நிலைக்கும் இடையே மரத்தின் மின்தடை கோடிக்கணக்கான மடங்கு குறைகிறது. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி, இடையிலுள்ள தடையை அளந்தால், கருவியின் முகப்பு ஈர அளவைச் சதவிகிதமாகவே காட்டிவிடும். ஏறத்தாழ 7 முதல் 28 சதவிகிதம் வரை இக்கருவியை நம்பலாம். அதற்கு மேலும் கீழும் அது வெறும் குறிப்பே. மரத்தின் இனத்திற்கும் உஷ்ணத்திற்கும் ஏற்பத் திருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, மின்தேக்கு திறனைப் பயன்படுத்தும் கருவி. மின்புலத்தில் நீரின் எதிர்வினை, உலர்ந்த மரத்தையும் செங்கல்லையும் விடப் பன்மடங்கு மிகுதி. இதனால் கருவியைப் பரப்பின் மீது வைத்த அளவிலேயே, துளையோ தழும்போ இன்றி, உள்ளே ஈரம் மிகுந்த இடத்தை அறியலாம். சுவர் முழுவதையும் விரைவாகத் துழாவி, ஆய்வுக்குரிய இடத்தைத் தேர்ந்தெடுக்க இது தக்கது. ஆயின் சுவருக்குள் புதைந்த இரும்புக் கம்பியும் குழாயும் கருவியை ஏமாற்றிவிடும்.

நான்காவது முறை வேலைத்தளத்திற்கு மிகவும் ஏற்றது. எடையிட்ட ஈர மணலையோ தூளையோ கால்சியம் கார்பைடுடன் ஓர் உலோகக் கலத்தில் இட்டு மூடிக் குலுக்கினால், நீர் கார்பைடுடன் கூடி அசிட்டிலீன் வாயுவை உண்டாக்குகிறது. வாயுவின் அழுத்தத்தைக் கலத்தின் அடியிலுள்ள முகப்பு காட்டுகிறது. அதிலிருந்து ஈர அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இக்கருவி காட்டுவது பெரும்பாலும் ஈர எடையின் சதவிகிதம் என்பதை மறக்கலாகாது. முகப்பில் 20 என்று இருந்தால், உலர்ந்த எடையின் படி அது 25 ஆகும். அசிட்டிலீன் தீப்பற்றும் வாயுவாதலால் கலத்தைத் திறக்கும்போது அருகில் நெருப்பு இருத்தல் கூடாது.

கான்கிரீட் தளத்தின் மீது மரப்பலகையோ ஒட்டு விரிப்போ பதிக்கும் முன், தளத்தில் துளையிட்டு அதனுள்ளே உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை அளப்பது ஐந்தாவது முறை. மேற்புறம் மட்டுமே உலரும் தளமாயின் கனத்தில் 40 சதவிகித ஆழத்திலும், இருபுறமும் உலருவதாயின் 20 சதவிகித ஆழத்திலும் அளத்தல் வழக்கம். மேற்பரப்பு காய்ந்திருக்க, உள்ளே ஈரம் மிகுந்திருப்பதை இம்முறை வெளிப்படுத்திவிடும். இவையன்றி, நீரிலுள்ள ஹைட்ரஜன் வேக நியூட்ரான்களை மெதுவாக்கும் இயல்பைக் கொண்டும், ஆவியாகும் நீரால் பரப்பு குளிர்வதை அகச்சிவப்புப் படத்தில் கண்டும் ஈரத்தை அறிகின்றனர். அகச்சிவப்புப் படம் காட்டுவது உஷ்ண வேறுபாட்டையே. குளிர்ந்த இடமெல்லாம் ஈரமென்று முடிவு செய்வது பிழையாகும்.

உப்பு செய்யும் மயக்கம்

சுவரை ஆய்வோர் பெரிதும் இடறும் இடம் ஒன்று உண்டு. மின்தடைக் கருவி மரத்திற்கென வகுக்கப்பட்டது. அதைச் செங்கற் சுவரில் குத்தும்போது அது காட்டும் எண், சுவரின் உண்மையான ஈர அளவன்று. ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட மட்டுமே அது பயன்படும். மேலும் உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், உப்பு மிகுந்த சுவரில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் முகப்பு முள் எல்லைக்கே சென்றுவிடும்.

உப்பு வேறொரு வகையிலும் மயக்கும். சில உப்புக்கள் காற்றிலுள்ள நீராவியைத் தாமே இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு கசிவதை அறியாதவர் இல்லை. சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் 75 சதவிகிதத்தை மீறினால் கசியத் தொடங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து ஏறிய ஓதம் நின்றுவிட்ட பின்னும், அது விட்டுச் சென்ற உப்பு மழைக்காலந்தோறும் சுவரை ஈரமாக்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர், ஓதத் தடுப்பு அடுக்கு பழுதுபட்டது என்று கருதி மறுபடியும் பெருஞ்செலவு செய்வார். நீக்க வேண்டியதோ உப்பேறிய பூச்சு மட்டுமே.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சுவரில் அடியிலிருந்து மேல் நோக்கிப் பல உயரங்களில் தூள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தூளுக்கும் முதலில் உள்ளபடியான ஈர அளவைக் காண வேண்டும். பிறகு உலர்ந்த தூளை, தெவிட்டிய உப்புக் கரைசல் வைத்த மூடிய பெட்டியில் எடை நிலைபெறும் வரை வைக்க வேண்டும். அக்கரைசலின் மேலுள்ள காற்று 75 சதவிகித ஒப்பு ஈரப்பதத்திலேயே நிற்கும். அந்நிலையில் தூள் காற்றிலிருந்து தானே ஈர்க்கும் நீரின் அளவை மறுபடியும் எடையிட்டு அறியலாம். எடுத்துக்காட்டாக, சுவரடியில் உள்ளபடியான ஈரம் 12 சதவிகிதமும், காற்றிலிருந்து ஈர்ப்பது 2 சதவிகிதமும் ஆயின், அங்கே நீர் வேறு வழியாகப் புகுகிறது என்பது ஐயமற விளங்கும். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ளபடியான ஈரம் 4 சதவிகிதமும், ஈர்ப்பது 5 சதவிகிதமும் ஆயின், அவ்விடத்து ஈரத்திற்கு உப்பே போதிய காரணம். ஈரம் அடியில் மிகுந்து மேலே படிப்படியாகக் குறைந்தால் நிலத்து ஓதம் என்றும், இடையில் ஓரிடத்தில் மட்டும் மிகுந்தால் கசிவு என்றும் கருதலாம். ஒரே எண்ணைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. எண்களின் வரிசையே காரணத்தை உரைக்கும்.

கட்டும் காலத்தில் காட்டும் கவனம்

ஈரத்தை அளப்பது பழைய கட்டடங்களுக்கு மட்டும் உரியதன்று. 50 கிலோகிராம் சிமெண்டு மூட்டை ஒன்றிற்கு 25 லிட்டர் நீர் எனத் திட்டமிட்டு, 100 கிலோகிராம் உலர்ந்த மணலுக்குச் சமமான மணல் சேர்ப்பதாகக் கொள்வோம். மணலின் மேற்பரப்பில் 5 சதவிகித ஈரம் இருப்பின் அதிலேயே 5 லிட்டர் நீர் உள்ளது. அதை அறியாமல் மேலும் 25 லிட்டர் ஊற்றினால் நீரின் பங்கு 0.5 என்பது 0.6 ஆகிவிடும், கான்கிரீட் வலிமை குன்றும், துளைகள் பெருகி, பிற்காலத்தில் நீர் புகுவதற்கும் அதுவே வழியாகும். ஈர மணல் உப்பியும் இருப்பதால், பெட்டியால் அளந்து போடும்போது மணல் குறைந்துவிடுவதும் உண்டு.

புதிய கான்கிரீட் மெதுவாகவே உலரும். நல்ல காற்றோட்டத்தில் 25 மில்லிமீட்டர் கனத்திற்கு ஒரு மாதம் என்பது ஒரு தோராயக் கணக்கு. 100 மில்லிமீட்டர் தளம் உலர நான்கு மாதமாகும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். குடிபுகும் நாளை முன்னிட்டு, உலராத சுவரில் எண்ணெய் வர்ணம் பூசுவதும் உலராத தளத்தில் மரம் பதிப்பதும் பின்னர் கொப்புளமாகவும் வளைவாகவும் வெளிப்படும்.

எவரும் செய்யத்தக்க சோதனைகள்

கருவி இல்லாதவர்க்கும் சில எளிய வழிகள் உண்டு. ஈரம் தோன்றும் சுவரின் ஒரு பகுதியைத் துடைத்து உலரவிட்டு, ஓர் அலுமினியத் தகட்டுத்தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓரிரு நாள் விடுக. தாளின் வெளிப்புறத்தில் நீர்த்துளி தோன்றினால், அது அறைக் காற்றின் நீராவி. காற்றோட்டம் பெருக்குவதே மருந்து. சுவரை நோக்கிய புறத்தில் தோன்றினால் நீர் சுவரிலிருந்து வருகிறது. தளத்தைச் சோதிக்க 45 சென்டிமீட்டர் சதுரப் பாலித்தீன் தாளை அவ்வாறே ஒட்டி, 16 மணி நேரத்திற்குக் குறையாமல் வைத்துப் பார்க்கலாம். தாளின் அடியில் நீர் படிந்தாலும் கான்கிரீட் நிறம் கறுத்தாலும் தளம் இன்னும் உலரவில்லை என்பது பொருள்.

மணல் உப்பியிருக்கும் அளவை அறிய, அளவு கோடிட்ட கண்ணாடிக் குவளையில் 200 மில்லிலிட்டர் கோடு வரை ஈர மணலை இட்டு, மணல் மூழ்கும்படி நீர் ஊற்றிக் கலக்கிப் படியவிடுக. மணல் 160-க்கு இறங்கினால், குறைந்த 40-ஐ 160-ஆல் வகுக்க 25 சதவிகிதம் உப்பியிருந்தது என்று அறியலாம். மேஸ்திரி ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்து முடிக்கத்தக்க சோதனை இது.

எச்சோதனையாயினும் நாள், இடம், சுவரடியிலிருந்து உயரம், அன்றைய வானிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்திற்குப் பின் ஒருமுறையும் அதே இடத்தில் அளந்து ஒப்பிட்டால், சுவர் உலருகிறதா நனைகிறதா என்பது வெளிப்படும்.

ரூர்க்கியில் 1947-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையமும், டேராடூனில் 1906 முதல் இயங்கிவரும் வன ஆராய்ச்சி நிலையமும் கட்டடப் பொருள்களையும் மரங்களையும் ஆராய்ந்து வருகின்றன. 1970-இல் முதன்முதலாக வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்ற தேசியக் கட்டட நெறித் தொகுப்பும் நம் கையில் உள்ளது. அறிவு இருக்கிறது; அதனை வேலைத்தளத்திற்குக் கொண்டு செல்வதே எஞ்சியுள்ள பணி. ஒரு தராசும், ஓர் உலர்த்தும் அடுப்பும், ஒரு குறிப்பேடும் உடைய எந்த மாவட்டப் பொறியாளரும் இப்பணியைத் தொடங்கலாம். நோயின் காரணம் அறிந்து மருந்திடும் வைத்தியரைப் போல, ஈரத்தை அளந்தறிந்த பின்னரே சுவரில் கொல்லறு வைப்பது என்னும் வழக்கம் பரவுமாயின், மக்கள் அரிதில் ஈட்டிய பொருளும், அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரையும் ஒருங்கே காக்கப்படும்.